ஒற்றைப் பங்குக்காரர்

“வித்துட்டாங்கன்னு சொல்லாதீங்க. மாத்திவிட்டாங்கன்னு சொல்லுங்க.”

குரும்பகரம் சாலையில் இருக்கும் ஆலை நிலத்தைப் பற்றி யார் பேச்செடுத்தாலும், டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு சோமசேகரன் இப்படித் திருத்துவார். “ரெண்டுக்கும் என்னங்க வித்தியாசம்?” என்று டீக்கடை பீர் மைதீன் ஒருமுறை கேட்டுவிட்டார். அன்று கடையில் இருந்த எல்லோருடைய டீயும் ஆறிப்போனது.

கோவில்பத்திலிருந்து எட்டே முக்காலுக்கு பைக்கில் கிளம்பி அரிசி ஆலைக் கம்பெனிக்கு வரும் கணக்கு அதிகாரி அவர். சட்டைப் பையில் இரண்டு பேனா. ஒன்று எழுத, மற்றொன்று யாராவது கேட்டால் கொடுக்க. அதில் மை இருக்காது.

அவர் சொல்லும் வித்தியாசம் இதுதான். ஆலைக் கம்பெனி தன் நிலத்தைத் தன்னுடைய கிடங்குக் கம்பெனிக்கு மாற்றியது. தாய்க் கம்பெனி முழுப் பங்கும் வைத்திருக்கிற சேய்க் கம்பெனிக்குச் சொத்து போனால், வருமான வரிச் சட்டம் அதைக் கைமாறியதாகவே நினைப்பதில்லை; லாபத்துக்கு வரியும் கேட்பதில்லை. ஆனால் எட்டு வருஷத்துக்குள் ஒரு பங்கு வெளியே போனாலும், விட்ட வரி திரும்பி வந்து நிற்கும். கம்பெனி என்றால் இரண்டு பேராவது வேண்டும் என்பதால், கிடங்குக் கம்பெனியின் பத்து ரூபாய்ப் பங்கு ஒன்று மட்டும் தாய்க் கம்பெனிக்காக சோமசேகரன் பெயரில் இருக்கிறது.

அது தன் பெயருக்கு வந்த நாளிலிருந்து அவர் ஹெல்மெட் இல்லாமல் தெருமுனைக்குக்கூடப் போவதில்லை. “எனக்கு ஒண்ணு ஆயிட்டா அந்தப் பங்கு என்ன ஆகும்?” என்பார். மனைவி கல்யாணசுந்தரி இதைக் கேட்டுக்கேட்டுப் பழகிவிட்டாள்.

எட்டு வருஷம் முடிவது ஆவணியில். மகள் தேவிகாவின் கல்யாணம் வைகாசியில். பத்திரிகையின் மாதிரிப் பிரதியில் இரண்டு கமா சேர்த்து அனுப்பினார். அச்சாகி வந்த ஐந்நூறிலும் அவர் பெயருக்குக் கீழே ‘பங்குதாரர்’ என்று இருந்தது. ஒரு நிமிஷம் அவருக்கு உள்ளுக்குள் இனித்தது. அடுத்த நிமிஷம் வியர்த்துவிட்டது. வருமான வரி அலுவலகத்துக்கு மட்டும் பதினோரு பத்திரிகை போக வேண்டும்.

“நான்தாங்க போடச் சொன்னேன்” என்றாள் கல்யாணசுந்தரி. “மாப்பிள்ளையோட அப்பா கம்பெனியோட பங்குதாரர் லிஸ்ட்ல உங்க பேரப் பாத்துட்டு விழிதியூர் பூரா சொல்லி வச்சிருக்காரு. இப்ப இல்லைன்னா ஏமாத்துனதா நெனைக்க மாட்டாங்களா? கல்யாணம் நின்னா உங்க சட்டம் வந்து நடத்தி வைக்குமா?”

ஆடிட்டரைப் போனில் கேட்டார். கல்யாணப் பத்திரிகையால் பங்கு கைமாறாது என்று அவர் சிரித்தார். சோமசேகரனுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஞாயிறு காலை, முதல் பத்திரிகையோடு விழிதியூர் போனார். “அந்தப் பங்கு என்னுது இல்லீங்க சம்மந்தி. என் பேர்ல நிக்குது, அவ்வளவுதான்.”

“அப்ப பினாமியா?” என்றார் நீலகண்டன்.

“நாமினிங்க. கம்பெனிக்காக என் பேர கொடுத்து வச்சிருக்காங்க, சட்டப்படி.”

நீலகண்டன் வெற்றிலையைத் தடவியபடி இருந்தார். சோமசேகரனுக்குத் தேவிகாவின் முகம் வந்து வந்து போனது.

“எட்டு வருஷம் முடிஞ்சா உங்களுக்கு வந்துருமா?”

“இல்லீங்க. அப்பவும் கம்பெனியோடதுதான். நான் சம்பளக்காரன்.”

“ஊர் பூரா சொல்லிட்டேனே” என்றார் நீலகண்டன். அப்புறம் உள்ளே பார்த்து, “சம்மந்திக்கும் சேத்து எலை போடு” என்றார்.

சாயங்காலம் கல்யாணசுந்தரி மஞ்சள் குழைத்துக் கொடுத்தாள். அவள் நான்கு மூலையிலும் பொட்டு வைக்க, ஐந்தாவதை ‘பங்குதாரர்’ மேல், எழுத்து மறையும்படி, சோமசேகரன் அழுத்தி வைத்தார். கடைசிப் பத்திரிகை வந்ததும் விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டார். அதை நான்கு பொட்டோடு மடித்து, சட்டைப் பையில் மையில்லாத பேனாவுக்குப் பின்னால் செருகிக்கொண்டார்.