‘முட்டை எங்கீங்க?’ என்று கேட்ட ஜமீலா அக்கா

அந்தப் புதன்கிழமை பள்ளிக்குக் கிளம்பி வாசலைப் பூட்டும்போது போன் வந்தது. உக்கடத்திலிருந்து ஜமீலா அக்காவின் மருமகள். “டீச்சர், மாமி மௌத்தாயிட்டாங்க” என்றாள். நெஞ்சுவலியில் உயிர் போயிருக்கிறது. வலி இரண்டு நாளாகவே இருந்திருக்கிறது. கேட்டவர்களிடமெல்லாம் “வாய்வுங்க, நல்லாத்தான் இருக்கேன்” என்று சொல்லிவிட்டுத் தையல் மெஷினை மிதித்துக்கொண்டே இருந்திருக்கிறார். அக்காவை அறிந்த உங்களுக்கு என்ன தோன்றியதோ, எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. குருவி தன் நோயை மறைக்கும், ஏமாந்துவிடாதீர்கள் என்று ஊரெல்லாம் எச்சரித்தவர் செய்கிற வேலையா இது? அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

அவருடைய கடையில் ரவிக்கை தைக்கக் கொடுத்தவர்கள் லவ் பேர்ட்ஸ் பாடம் கேட்காமல் திரும்பியிருக்க முடியாது. கடை திறந்ததும் முதல் வேலையாகத் தன் குருவிக் கூண்டின் அடியில் விரித்த பேப்பரை உருவிப் பார்ப்பார். எச்சம் எத்தனை, என்ன நிறம், செரிக்காத தானியம் கிடக்கிறதா என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆராய்வார். “ஊரே அச்சடிச்சதைப் படிக்குது. நாம அது மேல கெடக்கறதைப் படிக்கோணுமுங்க” என்பார். இன்னொன்றும் சொல்வார்: “குருவியும் நம்மூர்க்காரங்களும் ஒண்ணுங்க அம்மணி. பசியில உசுரு போனாலும் இப்பத்தான் சாப்பிட்டேன்னுதான் சொல்லும்.” அளவு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு இதைச் சொல்லிச் சிரிப்பார். நானும் சிரித்திருக்கிறேன், புரிந்துகொள்ளாமலே.

போத்தனூரில் எங்கள் வீட்டில் ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ் இருந்தது. பெண் குருவிக்குச் சின்னி என்று பெயர். ஒரு சனிக்கிழமை காலையில் சின்னி சிறகையெல்லாம் உப்பிக்கொண்டு கூண்டின் தரையில், மூலையில் உட்கார்ந்திருந்தது. நான் தாராபுரம் பக்கத்துத் தோட்டத்தில் கோழிகளோடு வளர்ந்தவள். எனக்குச் சொல்லித்தர வேண்டுமா? “அடை படுத்துப்போட்டுது” என்று வீட்டில் அறிவித்தேன். கூண்டின் மேல் பழைய சேலையைப் போர்த்தி, யாரும் கிட்டப் போகக் கூடாது என்று உத்தரவும் போட்டேன். பெருமை தாங்காமல் அக்காவுக்குப் போன் செய்தேன்.

மறுமுனையில் மெஷின் சத்தம் நின்றது.

“அடைங்களா? சரிங்க. முட்டை எங்கீங்க?”

சேலையை விலக்கிப் பார்த்தேன். முட்டை இல்லை. கோழி வெறும் தரையிலும் அடை படுக்கும் என்று நான் விடாமல் வாதாடினேன்.

“கோழி படுக்குமுங்க. இது கோழியில்லீங்களே! மூச்சு விடறப்ப வால் ஆடுதுங்களா, அதைப் பாருங்க.”

ஆடியது. ஒவ்வொரு மூச்சுக்கும் வால் ஏறி இறங்கியது. “முட்டை உள்ளாற சிக்கிக்கிச்சுங்க. இன்னிக்கே வெளிய வரலீன்னா உசுரு தங்காது. வாரேன்” என்று போனை வைத்தார்.

ஆட்டோவில் வந்து இறங்கினார். நான் கையில் விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு நின்றேன். எங்கள் தோட்டத்தில் எந்தச் சீக்குக்கும் அதுதான் மருந்து. அக்கா கிண்ணத்தை வாங்கி அலமாரியில் வைத்தார். “இதை வெளக்குக்கு ஊத்துங்க. வயித்தை மட்டும் அமுக்கிப்போடாதீங்க கண்ணு, உள்ளாற ஒடைஞ்சுதுன்னா அவ்வளவுதான்.” மூச்சுத் துளையிட்ட ஒரு அட்டைப் பெட்டியில் துணி விரித்து, துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலை ஓரமாக வைத்து, சின்னியை அதற்குள் இறக்கினார். பறவைகளுக்கும் வைத்தியம் பார்க்கும் கால்நடை டாக்டரிடம் போகும் வழி முழுக்கப் பெட்டி அவர் மடியில் இருந்தது. ஒவ்வொரு வேகத்தடைக்கும் ஆட்டோக்காரருக்கு வசவு விழுந்தது.

டாக்டர் கால்சியம் ஊசி போட்டார். வெதுவெதுப்பான, ஈரப்பதமுள்ள பெட்டியில் விட்டுக் காத்திருக்கச் சொன்னார். சாயங்காலம் வரைக்கும் காத்திருந்தோம். நான் மனதுக்குள் என் கோழி ஞானத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். அன்று அந்தச் சேலையை விலக்காமல் விட்டிருந்தால், மறுநாள் அந்தச் சேலையிலேயே சின்னியைச் சுற்றிப் புதைத்திருப்பேன். நான்கு மணி இருக்கும், டாக்டர் கதவைத் திறந்து முட்டையைக் காட்டினார். அக்கா எழுந்து “மாஷா அல்லாஹ்!” என்று கத்தினார். நான் “முருகா!” என்று கத்தினேன். நாய்களோடு காத்திருந்தவர்கள் பயந்துபோனார்கள். “டீச்சர் அடையில ஃபெயிலுங்க, முட்டையில பாஸுங்க” என்று வெளியே வந்ததும் அக்கா சொன்னார். சின்னி அதன் பிறகும் இரண்டு வருடம் வாழ்ந்தது.

மூன்றாம் நாள், அக்காவுக்காகப் பாத்திஹா ஓதும் சடங்குக்கு உக்கடம் போனேன். கூடம் நிறைய ஆட்கள். மூலையில், கடையிலிருந்து கொண்டுவந்து வைத்த அக்காவின் கூண்டு. பச்சை நிற ஆண் குருவி தீனிக் கிண்ணத்தின் மேல் குந்தித் தினையைக் கொறித்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் இருந்தவர்கள், “அக்காவைத் தேடுதுங்க பாவம், சத்தமே போடறதில்லீங்க” என்றார்கள். கிட்டப் போய்ப் பார்த்தேன். உமி பறந்தது, ஆனால் தினை தொண்டைக்குள் போகவில்லை. கொறித்துக் கொறித்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தது. பேப்பரில் இரண்டே எச்சம், கரும்பச்சையாக. நெஞ்செலும்பு கத்தி முனையாகத் துருத்தியிருந்தது.

துக்க வீட்டில் உட்கார்ந்து குருவி எச்சத்தைப் பற்றிப் பேசுவதா? இரண்டு தடவை எழுந்து இரண்டு தடவையும் உட்கார்ந்துவிட்டேன். மரியாதை பார்த்துக்கொண்டிருந்தால் ராத்திரி தாண்டாது என்று தெரிந்தது. மூன்றாம் தடவை எழுந்து எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன்: “தப்பா நெனச்சுக்காதீங்க. இது துக்கமில்லீங்க, சீக்கு. நான் இப்பவே கொண்டு போறனுங்க.”

யாரோ ஒரு பெரியவர் முகத்தைச் சுளித்தார். மருமகள் மட்டும் உள்ளே போய்ப் பெட்டியோடு வந்தாள். “மாமி இருந்தா இந்நேரம் ஆட்டோவுல ஏறியிருப்பாங்க டீச்சர். போங்க” என்றாள்.

இரைப்பையில் கிருமி என்றார் டாக்டர். வேளை தவறாமல் மருந்து கொடுத்தேன், தினமும் எடை பார்த்தேன். நேற்று மருந்து கொடுக்கப் போன என் விரலை அது ரத்தம் வரக் கடித்துவிட்டுத் தெருவுக்கே கேட்கும்படி கத்தியது. அந்தச் சத்தத்தை அப்படியே போனில் மருமகளுக்குக் கேட்கவைத்தேன். அவள் அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை. நான் இரண்டும் செய்தேன்.

ஜமீலா அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த மூன்றாம் தடவை எழுந்து நின்ற துணிச்சல். அதற்கு முன் அது என்னிடம் இருந்ததில்லை. அக்கா, உங்கள் குருவி பிழைத்துவிட்டது.