கொக்கிக்கு வைத்த பொட்டு

முதுகில் வளையம்

மரம் ஏறுவதற்கென்று முதன்முதலில் கடையில் வாங்கிய பெல்ட்டைப் போட்டுக்கொண்டு ஏறிய அன்று, சேலையூரில் ஒரு வேப்ப மரத்தில் முகம் தரையைப் பார்க்கத் தொங்கினேன். விழவில்லை. ஒரு கிளையைப் பிடித்திருந்த கையை விட்டு, பெல்ட்டை நம்பி உட்காரலாம் என்று சாய்ந்தேன். அது என்னை முதுகுப் பக்கமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டது. கையும் காலும் காற்றில் துழாவின. கீழே கயிறு பிடித்துக்கொண்டிருந்த என் மச்சான் தேவா, உதவி செய்வதற்கு முன்னால் சிரித்து முடித்தான்.

"மாமா, நீச்சல் சூப்பரா கீது. அப்டியே அந்தப் பக்கம் போய்ட்டு வா."

வீட்டுக்கார அம்மா பால்கனியில் நின்று, "ஏங்க, இவர் இப்படித்தான் வெட்டுவாரா?" என்று அவனைக் கேட்டார். அவனும் யோசிக்காமல், "ஆமா மேடம், புது மாடல்" என்றான். கீழே வந்ததும் அவனுக்குக் கிடைத்ததை இங்கே எழுத முடியாது.

பெல்ட்டின் மேல் குற்றம் இல்லை. அது கட்டட வேலைக்காரர்களுக்கானது. வளையம் முதுகில் இருக்கும். சாரத்திலிருந்து ஒருவன் விழுந்தால் பிடித்துக்கொள்வது அதன் வேலை. மரத்துக்காரனுக்குத் தேவை வேறு. அவன் கயிற்றிலேயே உட்கார வேண்டும், திரும்ப வேண்டும், உட்கார்ந்தபடி அறுக்க வேண்டும். அதற்கு வளையம் இடுப்பில் முன்பக்கமும் இரண்டு விலாப் பக்கமும் இருக்க வேண்டும். தொடைக்குப் பட்டை வேண்டும். அதுவரை இடுப்பில் தேங்காய் நார்க் கயிறு, தலையில் துண்டு என்று ஏறிக்கொண்டிருந்த எனக்கு, பெல்ட்டிலும் சாதி சாதியாக உண்டு என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

வாங்கும்போது

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும், "அண்ணா, எந்த பெல்ட் நல்லது?" என்பதுதான். உன் இடுப்புக்கு எது நல்லதோ அது. கடையிலேயே போட்டு, ஒரு உத்தரத்தில் கட்டித் தொங்கிப் பார். கடைக்காரர் முகத்தைச் சுளிப்பார், சுளிக்கட்டும். அங்கே தொடை மரத்துப்போனால் மரத்தின் மேலும் மரத்துப்போகும்.

ஆள் தொங்குகிற கயிறு வேறு, கிளை இறக்குகிற கயிறு வேறு. ஆள் கயிற்றில் வண்டி இழுக்காதே, துணி காயப்போடாதே. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் பளபள மஞ்சள் கயிறு பார்க்கத்தான் அழகு, உரசினால் சூட்டில் இளகிவிடும். பைக் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு ஏறாதே, கீழேயிருந்து கத்துவது காதில் விழாது. முள் ஷூவை அடியோடு வெட்டப்போகிற மரத்தில் மட்டும் போடு. பிழைக்க வேண்டிய மரத்தில் ஒவ்வொரு அடிக்கும் ஓட்டை போட்டுக்கொண்டு ஏறினால் அது எப்படிப் பிழைக்கும்? எவ்வளவு நல்ல கயிறு வைத்திருந்தாலும் முருங்கையில் கட்டாதே.

கடைசியாகக் கொக்கி. கடையில் கேராபினர் என்று கேட்டால்தான் புரியும். எங்களுக்கு அது கொக்கிதான். பெல்ட் வளையத்தையும் கயிற்றையும் சேர்ப்பது அது. சிலவற்றில் வாயை மூடியபின் மேலே இருக்கும் உறையைக் கையால் திருகிப் பூட்ட வேண்டும். சிலவற்றில் கையை எடுத்தாலே வாய் மூடி, உறை தானாகச் சுற்றிப் பூட்டிக்கொள்ளும். 'டக்' என்று கேட்கும். என் முட்டி போன பிறகு மேலே ஏறுவது தேவாதான். அவன் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ மறக்கிற ஆள். திருகுகிற கொக்கியை அவனிடம் கொடுத்தால் என் தூக்கம் போய்விடும் என்று, தானாகப் பூட்டுவதையே வாங்கினேன்.

தேவா என் மனைவி செல்வியின் தம்பி. அவர்களுக்கு அம்மா சின்ன வயதிலேயே தவறிவிட்டார். செல்விதான் அவனை வளர்த்தாள். அவன் மரத்தில் இருக்கிற நேரமெல்லாம் அவள் போன் செய்ய மாட்டாள். மணி அடித்தால் அவன் கவனம் சிதறும் என்ற பயம். வேலை முடிந்து நான் கூப்பிட்டுச் சொன்னால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

பூஜைக்கு மறுநாள்

எங்கள் வீட்டில் ஆயுத பூஜை பெரிய விசேஷம். ரம்பம், அரிவாள், மெஷின், கயிறு, பெல்ட் எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக வைப்போம். செல்வி சந்தனம் குழைத்து ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்து, மேலே குங்குமம் இடுவாள். பொரி, கடலை, பூசணிக்காய் என்று எதிலும் குறை வைக்க மாட்டாள். அன்றைக்கு எதையும் தொடக் கூடாது. மறுநாள் விஜயதசமிக்கு, வைத்தது வைத்தபடி பொட்டோடு எடுத்துப்போய் ஒரு வேலையாவது தொடங்க வேண்டும். பொட்டைத் துடைத்துவிட்டு எடுத்துப்போவது அபசகுனம் என்பது எங்கள் வீட்டு வழக்கம்.

அந்த வருடம் மறுநாள் வேலை பீர்க்கன்கரணையில், ஏரிப் பக்கம் ஒரு ஃபிளாட்டில். தூங்குமூஞ்சி மரம் ஒன்று மூன்றாவது மாடி ஜன்னலுக்குள் கிளையை நீட்டியிருந்தது. அடைமழை தொடங்குவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று அசோசியேஷன் செக்ரட்டரி அவசரப்பட்டார்.

"விஜயதசமிக்கே வந்துட்டீங்களேப்பா, ரொம்ப நல்லது. கார் எல்லாத்தையும் வெளியில எடுக்கச் சொல்லிட்டேன். பார்த்து, நிதானமாப் பண்ணுங்க."

தேவா ஏறினான். எங்கள் முறை இதுதான். மேலே ஒரு வலுவான கவட்டையில் போட்ட மெயின் கயிற்றில் தொங்கிக்கொண்டு, அதன் மறுமுனையைக் கீழே நான் பிடித்திருக்க, முதலில் பாதி மரம் ஏறுவான். இன்னும் மேலே போக, அந்தக் கயிற்றைக் கழற்றி அடுத்த கவட்டைக்கு எறிய வேண்டும். அந்த நேரம் அவனைப் பிடித்திருக்க, இடுப்பில் ஒரு சின்னக் கயிறு உண்டு. அதை மரத்தைச் சுற்றிப் போட்டு, விலா வளையத்தில் கொக்கியால் மாட்டிக்கொள்வான். மாட்டியதும் மெயின் கயிற்றைக் கழற்றிவிட மாட்டான். இரண்டும் மாட்டியபடியே இருக்க, சின்னக் கயிற்றில் முழு பாரத்தையும் போட்டு உட்கார்ந்து பார்ப்பான். தாங்கினால்தான் மெயினைக் கழற்றுவது. இதில் மட்டும் நான் அவனை விட்டதே இல்லை. "குந்திப் பாத்துட்டேன் மாமா" என்று அவன் குரல் வர வேண்டும்.

அன்று கீழே தண்ணீர் லாரி வந்து மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவன் மாட்டுவதைப் பார்த்தேன். டக் சத்தம் எனக்குக் கேட்க வாய்ப்பில்லை, அவனுக்கும் கேட்கவில்லை. பின்னால் சாய்ந்து உட்கார்ந்தான். அடுத்த நொடி ஆள் சட்டென்று பின்னால் சரிந்தான். சின்னக் கயிறு மரத்தைவிட்டு உருவிக்கொண்டு தொங்கியது. மெயின் கயிறு என் கையில் வெடுக்கென்று இறுகியது. அவன் ஒரு கை நீளம் இறங்கி, தோள் மரத்தில் இடித்து நின்றான்.

"தேவா! டேய், இன்னாடா ஆச்சு?"

காலை மரத்தில் ஊன்றி நிமிர்ந்தான். பிறகு மெல்ல, "ஒன்னும் ஆவல மாமா. கொக்கி வுட்டுச்சு. இறக்கு" என்றான்.

இறக்கினேன். கால் தரையில் பட்டதும் அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். செக்ரட்டரி லாரி மோட்டாரை நிறுத்தச் சொல்லிவிட்டு, தன் வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "இன்னைக்குப் போதும்பா, கிளை எங்கேயும் ஓடாது" என்றார்.

கொக்கியை வாங்கிப் பார்த்தேன். உறைக்கும் வாய்க்கும் நடுவிலே சந்தனம். காய்ந்து சிமெண்ட் மாதிரி இறுகிக் கிடந்தது, மேலே அழகாகக் குங்குமம். விரலால் திறந்து விட்டேன். வாய் முக்கால்வாசி மூடி நின்றுவிட்டது. உறை சுற்றவே இல்லை. தூரத்திலிருந்து பார்த்தால் மூடியிருப்பது போலத்தான் இருக்கும். மெயின் கயிற்றின் கொக்கியிலும் பொட்டு இருந்தது. நல்ல வேளை, அதில் சந்தனம் முதுகுப் பக்கம் விழுந்திருந்தது.

தேவாவும் பார்த்தான். முதல் வார்த்தையாக அவன் சொன்னது இதுதான்.

"அக்காவாண்ட சொல்லாத மாமா. தாங்காது அது."

செல்விக்குச் சொன்னது

வழியெல்லாம் யோசித்தேன். சொன்னால் அவள் உடைந்துவிடுவாள். சொல்லாவிட்டால் அடுத்த வருடமும் வைப்பாள், இதே பாசத்தோடு இன்னும் கொஞ்சம் கூடவே வைப்பாள். அப்போது தேவா ஒரு தடவை உட்கார்ந்து பார்க்க மறந்தால் என்ன ஆகும்? அதற்கு மேல் எனக்கு யோசிக்கத் தெம்பில்லை.

சாயங்காலம் வெந்நீரும் பழைய டூத் பிரஷ்ஷும் வைத்துக்கொண்டு கொக்கிகளைத் தேய்க்க உட்கார்ந்தேன். செல்வி பார்த்துவிட்டு ஓடிவந்தாள்.

"இன்னாங்க, நல்ல நாளும் அதுவுமா பொட்டை அழிச்சிகினு கீறீங்க?"

சொல்லிவிட்டேன். எதையும் குறைக்கவில்லை. அவள் அழவில்லை. இன்னும் கழுவாத அந்தக் கொக்கியை எடுத்து, வாயைத் திறந்து விட்டாள். அது முழுதாக மூடாமலே நின்றது. இன்னொரு தடவை திறந்து விட்டாள்.

"இதுக்குத்தாங்க நான் நிறைய வெச்சேன். இதானே அவனைப் புட்ச்சிகினு கீதுன்னு."

அவள் என் கையிலிருந்து பிரஷ்ஷை வாங்கி, எல்லாக் கொக்கிகளையும் அவளே தேய்த்தாள். அப்புறம்தான் அழுதாள். தேவா வாசலில் செருப்பைக் கழற்றாமலே நின்றுகொண்டு, "அதான் ஒன்னும் ஆவலல்ல, வுடுக்கா" என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இரண்டுதான். ஆளைப் பிடித்திருக்கிற எதன் மேலும் ஒன்றையும் பூசாதே, அது எண்ணெயாக இருந்தாலும் பெயின்ட்டாக இருந்தாலும் சாமிப் பொட்டாக இருந்தாலும் சரி. ஒன்றில் உட்கார்ந்து பார்க்காமல் இன்னொன்றைக் கழற்றாதே. கடையில் எவ்வளவு உயர்ந்த சரக்கு வாங்கினாலும் இந்த இரண்டும் பெட்டியில் வராது.

அடுத்த வருடம் ஆயுத பூஜை வந்தது. ரம்பத்துக்கும் அரிவாளுக்கும் வழக்கம்போல் பொட்டு வைத்துக்கொண்டே வந்த செல்வி, கொக்கிகளிடம் வந்ததும் நின்றாள். கிண்ணத்தில் சந்தனம் மீதி இருந்தது. "டேய், இங்க வா" என்று தம்பியைக் கூப்பிட்டாள். மிச்சமிருந்த சந்தனம் முழுவதையும் வழித்தெடுத்து அவன் நெற்றியில் வைத்தாள். அவ்வளவு பெரிய ஆள், அவளுக்கு எட்டட்டும் என்று குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றான்.