கட்டிங் மாஸ்டர் கேட்ட பத்துக்குப் பத்து

அச்சகத்தில் முப்பது வருடமாகக் காகிதம் வெட்டும் கட்டிங் மாஸ்டருக்கு, உலகத்தில் வேறு எவன் வெட்டியதும் பிடிக்காது. யாராவது கல்யாணப் பத்திரிகை நீட்டினால் பெண் யார், மாப்பிள்ளை யார் என்று பார்க்க மாட்டார். ஓரத்தைத் தடவி, "கோணல்" என்று தூக்கிப் போடுவார். அந்தக் கல்யாணத்துக்கும் போக மாட்டார்.

இந்த மகானிடம், சின்ன வயதில் மிட்டாய்ப் பொட்டலத்தோடு இலவசமாக வந்த கால்பந்து வீரர் அட்டை ஒன்று இருந்தது. ஐம்பது வருடமாக மடங்காமல் டப்பாவில் கிடந்தது. பழைய அட்டைகள் வாங்கும் கடைக்காரர் அதற்குச் சொன்ன விலையில், படி ஏறாத தரைத்தள வீடு ஒன்றுக்கு முன்பணம் கட்டிவிடலாம். மாஸ்டரின் மனைவிக்கு அது போதும். மூன்றாவது மாடிக்கு ஏறி இறங்கியே அவளுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது.

கடைக்காரர் நல்ல மனிதர். வாயை மூடிக்கொண்டு வாங்கியிருக்கலாம். "தரம் பாக்குற கம்பெனிக்கு அனுப்பினா, பத்துக்கு இத்தனைன்னு மார்க் போட்டு, பிளாஸ்டிக் பெட்டியில சீல் வெச்சுத் தருவாங்க. ஒம்பதுக்கு மேல வந்தா ரெண்டு மடங்கு வெலை. ஆனா ஓரம் லேசா பிசிறு தட்டியிருக்கு சார். இப்படியே வித்துடுறது நல்லது" என்றார்.

பிசிறு! அதுவும் யாரிடம்!

"மார்க் வாங்கி எந்தக் காலேஜ்ல சேரப் போறீங்க? பேசாம குடுத்துட்டு வாங்க" என்றாள் மனைவி.

"உனக்கு என்னடி தெரியும்? பத்துக்குப் பத்து வாங்கிக் காட்டுறேன் பாரு."

அடுத்த நாள் மதியம் அச்சகத்தில் எல்லாரும் சாப்பிடப் போனதும், மெஷினில் புதுக் கத்தி மாட்டினார். அட்டையின் நான்கு ஓரத்திலும் ஒரு மயிரிழை சீவினார். பிசிறு போன இடம் தெரியவில்லை. அதில் ஏதோ தப்பு இருக்கலாம் என்பது அந்த மண்டைக்குள் ஏறவே இல்லை. கைக்கு வந்ததை ஓரம் சீவிக் கொடுப்பதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே மரியாதை. அன்றே கம்பெனிக்கு அனுப்பிவிட்டார்.

இரண்டு மாதம் கழித்துப் பார்சல் வந்தது. பிளாஸ்டிக் பெட்டியைக் காணோம். அட்டையும் ஒரு சீட்டும்தான் இருந்தன: 'நான்கு ஓரங்களும் பிற்காலத்தில் இயந்திரத்தால் மிக நேராக வெட்டப்பட்டுள்ளன. மதிப்பெண் வழங்க இயலாது.'

கடைக்காரரிடம் ஓடினார். அவர் சீட்டைப் படித்துவிட்டு அட்டையைத் தொடக்கூட இல்லை. "அன்னிக்கு வந்த ஓரம் அப்படியே இருந்தாத்தான் வெலை. வெட்டின அட்டைய சும்மா குடுத்தாலும் வாங்க ஆள் இல்ல சார்."

திரும்பி வந்தபோது மனைவி காய்கறிப் பையோடு மாடிப்படிக்குக் கீழே நின்றிருந்தாள். சீட்டை வாங்கி இரண்டு தடவை படித்தாள்.

"மிக நேராகன்னு எழுதியிருக்கான், பாத்தியா?" என்றார் மாஸ்டர். நிஜமாகவே அதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது.

அவள் சீட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்து ஏறத் தொடங்கினாள். இரண்டாவது மாடியில் நின்று, முழங்காலை அழுத்திக்கொண்டு, பின்னால் வந்தவரைப் பார்த்தாள்.

"பத்துக்குப் பத்து" என்றாள். இன்னும் ஒரு மாடி பாக்கி இருந்தது.