கறுப்புச் சேறு

நான் தேயிலைத் தோட்டத்து மருத்துவச்சி; இங்கே எல்லோருக்கும் 'மிஸியம்மா'. பேய், முனி என்று எவராவது வாயெடுத்தால், "முதலில் பேதி மருந்து குடி" என்று விரட்டுகிறவள். அப்படிப்பட்ட நானே சொல்கிறேன்: இது நடந்தது. கண்ணால் பார்த்தேன். மூக்கால் மோந்தேன். நாக்கில் வைத்தும் பார்த்தேன். நம்பிக்கை இல்லாதவர்கள் நமுனுகுல மலையடியில் இருக்கும் கருப்பம்மாவிடமே போய்க் கேட்கலாம். ஆனால் தயவுசெய்து கேட்காதீர்கள். அவள் பட்டது போதும்.

கருப்பம்மாவின் புருஷன் பெயர் ரெங்கசாமி. சண்டைக் காலத்தில் கடல் தாண்டித் திருச்சிப் பக்கம் சொந்த ஊருக்குத் திருவிழா பார்க்கப் போனவன், அங்கேயே பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். அப்போது அவளுக்கு வயிற்றில் மூன்று மாதம். கப்பலில் பர்மாவுக்குப் போகிறேன் என்று ஓர் ஆளிடம் சொல்லியனுப்பியதோடு சரி. சண்டை முடிந்தது. வெள்ளைக்காரன் கொடி இறங்கியது. ரெங்கசாமி வரவில்லை. செத்தான் என்றும் யாரும் சொல்லவில்லை. பட்டாளத்தில் அவன் கொடுத்தது அந்தத் திருச்சி ஊர் விலாசம். அங்கே இருந்த ஒரே சித்தப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். பிறகு யார் யாருக்குச் சொல்வது?

"தாலியைக் கழற்றிவிட்டு வேறு வழி பார்" என்று புத்தி சொல்ல வந்த கங்காணியின் பெண்சாதியைக் கருப்பம்மா விளக்குமாற்றோடு துரத்தியதை எங்கள் வரிசை வீட்டு லயமே பார்த்துச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அவளுடைய மகள் பாக்கியலெட்சுமியை இந்தக் கையால்தான் பிடித்து எடுத்தேன். வலியோடு வலியாக, "அவரு வந்து பாக்குறப்ப நல்லா இருக்கணும் மிஸியம்மா" என்றவள் அவள். அந்தப் பேச்சு என் காதை விட்டுப் போகவில்லை.

1950. தைப்பொங்கலுக்கு இரண்டு நாள் இருந்தது. பாக்கியலெட்சுமிக்கு அம்மை போட்டு, காய்ச்சல் தலைக்கேறி, பிள்ளை கண் திறக்கவில்லை. ஆறு வயதுப் பிள்ளை, நார் மாதிரி கிடந்தது. இந்த ராத்திரி தாண்டினால் பிழைப்பாள் என்று எனக்குத் தெரிந்தது. அதைத் தாயிடம் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அம்மை கண்ட வீட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. வெளியிலிருந்து வருகிறவர், பெரிய துரையே ஆனாலும், வாசலில் நின்று கால் கழுவிய பிறகுதான் படி ஏறவேண்டும். வழித் தூசியோடு ஏறினால் ஆத்தா கோபித்துப் பிள்ளையை எடுத்துக்கொள்வாள். ஆத்தாவில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஆனாலும் காலைக் கழுவுவதில் என்ன நஷ்டம்? நானும் கழுவிவிட்டுத்தான் ஏறினேன். கதவு நிலையில் பதுளைக் கடையில் வாங்கிய வேப்பிலைக் கொத்து காய்ந்து தொங்கியது. பக்கத்து வீட்டுக் காம்பராக்காரர்கள் பயத்தில் எட்டிப் பார்ப்பதில்லை. வாசல் வெறிச்சென்று கிடந்தது.

மாலை ஐந்தே முக்கால் இருக்கும். மூடுபனி இறங்கிவிட்டது. கருப்பம்மா விளக்கேற்றி வாசல் பக்கம் வைத்தாள். வைத்தவள் அப்படியே நின்றாள்.

"ஆர் பிள்ளை அங்க?" என்று கேட்டேன்.

அவளிடமிருந்து அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாத ஒரு சத்தம் மட்டும் வந்தது.

"ஏங்க… வந்துட்டீங்களா…"

எழுந்து பார்த்தேன். வாசலில் காக்கி உடுப்போடு ஒருவன். ரெங்கசாமிதான். ஒரு துளி மாற்றமில்லை. எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. அந்த நிமிஷம் எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை, சத்தியமாக.

"புள்ள எங்க?" என்றான் அவன். "பொட்டப் புள்ளையா?"

"ஆமாங்க. உங்க மூக்குதான். அம்மா வந்திருக்குங்க அவளுக்கு. ரொம்ப மோசமா இருக்கு."

"தூக்கிக் காட்டு."

"வெளிக்காத்து ஆகாதுங்க. கால கழுவிட்டு நீங்களே வந்து பாருங்க. நான் ஊத்துறேன்."

அவன் குனிந்து தன் காலைப் பார்த்தான். அப்போதுதான் நானும் பார்த்தேன். முழங்கால் வரைக்கும் சேறு.

கறுப்புச் சேறு.

எங்கள் மலையில் மண் சிவப்பு. கறுப்பு மண் எங்கே இருக்கிறது? பயிர்க்காடு எதிலாவது இறங்கி நடந்து வந்திருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கருப்பம்மா குடத்துத் தண்ணீரை அவன் காலில் ஊற்றினாள். மலையூற்றுப் பீலித் தண்ணீர், மார்கழிக் குளிர். அவன் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. சேறு வழிந்தது. வழிந்த இடத்தில்… மறுபடியும் சேறு.

"காலத் தூக்குங்க. அடியில இருக்கு."

"வரலையே புள்ள."

"அசதியா இருக்கும். இருங்க."

ஓடிப்போய் இன்னொரு குடம் பிடித்து வந்தாள். ஊற்றினாள். ஊற்றும்போதே அவனுக்கு ஆறு வருஷக் கதையும் சொல்லிக்கொண்டிருந்தாள். பிள்ளைக்குப் பல் விழுந்தது, கூரைத் தகரம் ஒழுகியது, எல்லாம். அவள் பேசப் பேச வாயிலிருந்து புகை வந்தது. மலைக்குளிரில் எல்லோருக்கும் வரும்.

அவன் வாயிலிருந்து வரவில்லை.

"போதும் புள்ள."

"இன்னும் கொஞ்சம்தாங்க."

அந்த வாசல் சரிவானது. ஊற்றிய தண்ணீர் வடிகால் கானுக்கு ஓடவேண்டும். ஓடவில்லை… அவன் காலைச் சுற்றியே நின்றது. கணுக்கால் வரை நின்றது. அடுத்த குடத்துக்கு இன்னும் ஏறியது.

"போதும்… போதும்…"

அவன் குரல் மாறியிருந்தது.

அப்போது ஒரு வாடை வந்தது. நான் பருத்தித்துறையில் பிறந்தவள். கடல் வற்றும் நேரத்தில் சேற்றிலிருந்து கிளம்புமே ஒரு வாடை… உப்பும் அழுகின பாசியும்… அதே வாடை.

இந்த மலையில்.

கருப்பம்மா காலிக் குடத்தோடு பீலிக்கு ஓடினாள். வாசலில் அவன் தனியாக. என்னைப் பார்த்தான். என்னைத் தாண்டி, பிள்ளை கிடந்த பாயைப் பார்க்க எக்கினான். காலை எடுக்காமல் இடுப்பை மட்டும் வளைத்து, கழுத்தை நீட்டி… எக்கினான்.

பாவம், எனக்குப் பொறுக்கவில்லை. ஆத்தாவாவது காற்றாவது. பாக்கியலெட்சுமியைக் கம்பளியோடு வாரித் தூக்கினேன். திரும்பினேன்.

வாசலில் யாரும் இல்லை.

காலடிச் சத்தம் இல்லை… தண்ணீர் சலசலப்பு இல்லை… ஒன்றுமே இல்லை.

அவன் நின்ற இடத்தில் இரண்டு குழி. பிள்ளையைக் கிடத்திவிட்டு வந்து கையை விட்டேன். முழங்கை வரை இறங்கியது.

விரலை நாக்கில் வைத்தேன்.

உப்பு.

கருப்பம்மா நிறைகுடத்தோடு வந்து நின்றாள். "எங்க?" என்றாள். குடத்தைப் போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடினாள். மூடுபனிக்குள், "ஏங்க… ஏங்க…" என்று அவள் கூப்பிட்டது லயம் முழுக்கக் கேட்டது. திரும்பி வந்து, "கோவிச்சிட்டுப் போயிட்டாரு மிஸியம்மா. வீட்டுக்கு வந்த மனுசன வாசல்லயே நிக்க வச்சிட்டேன்" என்று படியில் தலையை முட்டிக்கொண்டாள்.

விடியும்போது பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டது. அதைச் சொன்னபோதுகூட அவள் சிரிக்கவில்லை. அன்று முதல் கதவைச் சாத்துவதையே விட்டுவிட்டாள்.

சித்திரை மாதம் பண்டாரவளையிலிருந்து லத்தீப் என்கிற புடவை வியாபாரி மூட்டையோடு லயத்துக்கு வந்தார். தூத்துக்குடிப் பக்கத்து ஆள். நானும் ஒரு சேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் காலில் பழைய பட்டாளத்துச் சப்பாத்து. பட்டாளத்துச் சாமான் யாரிடம் கண்டாலும் கருப்பம்மா விடமாட்டாள்.

"அண்ணே, ரெங்கசாமின்னு ஒருத்தர தெரியுமா? பதுளைப் பக்கம்."

லத்தீப் மடித்துக்கொண்டிருந்த சேலையைக் கீழே வைத்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அவரும் நானும் ஒண்ணாத்தான் பர்மாக் கரையில எறங்குனோம்க்கா. நாப்பத்தஞ்சு, பொங்கலுக்கு ரெண்டு நாள் முந்தி, விடியக்காலம். படகு கரை வரைக்கும் போகல. முன்கதவத் தெறந்து குதிங்கன்னாங்க. மணல்னு நெனச்சுத்தான் குதிச்சோம். பூராச் சேறு. கறுப்புச் சேறு. எங்க பக்கம் ஒரு குண்டுகூட வரல. ரெங்கசாமி முதுகுல பெரிய சுமை, நல்லா எறங்கிட்டாரு. கயிறு போட்டு இழுத்தோம். காலு வரல. யாரும் நிக்கக் கூடாது, முன்னால போன்னு உத்தரவு. அதுக்குள்ள கடல் ஏற ஆரம்பிச்சிருச்சு."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"கத்தலக்கா அவரு. தண்ணி ஒவ்வொரு தடவ ஏறுறப்பவும், போதும், போதும்னு மட்டும் சொன்னாரு. கழுத்து வரைக்கும் சொன்னாரு."

கருப்பம்மாவைப் பார்க்கப் பயமாக இருந்தது. அவள் ஒப்பாரி வைக்கவில்லை. மாரில் அடித்துக்கொள்ளவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அந்தத் தண்ணி குளிருமாண்ணே?"

"மார்கழி மாசம்ல. ரொம்பக் குளிரும்க்கா."

அவள் மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"அடுப்பு எரிஞ்சிக்கிட்டுத்தான் இருந்துச்சு, மிஸியம்மா. ஒரு குடம் சுடவச்சு ஊத்தியிருக்கலாமே."