கல்யாணத்துக்குப் போய்வந்த வாழைகள்

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பினாங்கு ஜார்ஜ் டவுனிலிருந்து கிளம்பினோம். நான் கிள்ளானில் குடியேறி இருபது வருடத்துக்கு மேலாகிறது. பிறந்த ஊருக்கு இப்போதெல்லாம் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும்தான் வருகிறேன். இம்முறை தங்கை மகளின் கல்யாணம். மண்டப வாசலில் கட்டுவதற்குக் குலை தள்ளிய வாழைமரம் இரண்டு கொண்டுவருவது தாய்மாமனான என் பொறுப்பு. லோரிக்காரர் யூசோப் போகவர நூற்றைம்பது வெள்ளி கேட்டார். பேரம் பேசிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டே ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டார்.

பாலத்தில் போனோம். அப்பா காலத்தில் லோரியோடு பெர்ரியில் ஏறிவிடலாம். என் அக்கா கல்யாணத்துக்கு அப்பா கொண்டுவந்த மரங்கள் கடல்காற்றில் இலை கிழிந்து, நார்நாராகத் தொங்கிக்கொண்டு வந்து சேர்ந்தன. அம்மா அப்பாவிடம் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது பெர்ரியில் லோரி, காடி எதையும் ஏற்றுவதில்லை. பாலம் வசதிதான், ஆனால் அந்தக் காற்றும் அம்மாவின் கோபமும் எனக்கு இன்னொரு முறை வேண்டும்போல் இருந்தது.

வாழைத்தோட்டம் இருக்கும் தாசேக் கெலுகோருக்கு நாற்பது கிலோமீட்டர் இருக்கும். வழியில் ரப்பர் மரங்கள் நின்ற இடத்தையெல்லாம் யூசோப்புக்குக் காட்டிக்கொண்டே வந்தேன். அவர் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் தொழிற்சாலையும் மாடிவீடுகளும்தான்.

"அண்ணே, நீங்க சொல்ற மரத்தையெல்லாம் எண்ணினா ரோட்டுக்கே எடம் இருக்காது லா," என்றார்.

எட்டேகால் மணிக்கு மல்லிகா அக்காவின் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அப்பாவும் அந்தக் குடும்பத்திடம்தான் மரம் வாங்குவார். கணவர் இறந்தபின் அக்கா ஒற்றை ஆளாக வாழை போடுகிறார். அரசாங்க நிலம், வருடா வருடம் உரிமத்தைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

"மரம் இல்ல தம்பி," என்றார், நாங்கள் வந்ததும் வராததுமாக.

அவர் முதுகுக்குப் பின்னாலேயே வரிசை வரிசையாகக் குலைகள் தொங்கின.

"வெளாடாதீங்கக்கா. நாளைக்கு முகூர்த்தம்."

"நான் எங்க வெளாடுறேன்? திங்கக்கெழம ஆபீசர் வராங்க. அதுவரைக்கும் ஒரு மரத்துல கத்தி வைக்கமாட்டேன்."

விஷயம் இதுதான். தைப்பூசத்துக்குப் பினாங்கில் ரதம் போகும் சாலை நெடுகத் தண்ணீர்ப்பந்தல் போடுவார்கள். பந்தலுக்குப் பந்தல் வாழைமரம் கட்ட வேண்டும். கேட்டவர்களுக்கெல்லாம் அக்கா வெட்டிக் கொடுத்திருக்கிறார். சாமி காரியத்துக்கு இல்லை என்று சொல்ல வாய் வருமா? அடுத்த வாரமே நிலத்தைப் பார்க்க ஓர் அதிகாரி வந்திருக்கிறார். அவர் கண்ணில் பட்டது வெட்டிய கட்டைகளும் காய்ந்த சருகும்தான். 'தானா கோசோங்', அதாவது காலி நிலம் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். பயிர் நிற்கும் நிலத்தை விவசாயத்துக்கென்றே ஒதுக்கி, அங்கே கட்டடம் வராமல் காப்பதற்காக அரசாங்கம் போட்ட திட்டத்துக்குத்தான் அவர் கணக்கெடுத்தார். அதன் வரைவில் அக்காவின் நிலம் தொழிற்சாலைப் பகுதியாகிவிட்டது. அது உறுதியானால் உரிமம் புதுப்பிக்கப்படாது. அக்கா ஆட்சேபம் சொன்னார். மறுபடி வந்து பார்ப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அதற்குள் பக்கக் கன்றுகள் வளர்ந்து குலை தள்ளிவிட்டன.

"இத்தனை நிக்குது. ரெண்டு போனா தெரியவா போகுது?" என்றேன், சற்று எரிச்சலாகவே.

"தைப்பூசத்துலயும் எல்லாரும் ரெண்டுதான் தம்பி கேட்டாங்க."

யூசோப் நடுவில் புகுந்து, "கடையில பிளாஸ்டிக் வாழ விக்கிது அண்ணே, வாடவே வாடாது," என்றார். அக்கா அவரைப் பார்த்த பார்வையில் மனிதர் லோரிக்கே திரும்பிவிட்டார்.

மரங்களின் அடியில் குனிந்து தேடிய அக்கா, கடப்பாரையை எடுத்தார். என் மார்பு உயரக் கன்றுகள் இரண்டைக் கிழங்கோடு பெயர்த்து, பழைய பெயின்ட் டின்களில் மண்ணிட்டு வைத்தார்.

"கன்னும் வாழதான். கொண்டு போ. ஆனா திங்கக்கெழம ஆபீசர் வர்றதுக்குள்ள திருப்பிக் கொண்டாந்து நட்டுடணும்." காசு நீட்டினேன். வாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மண்டப வாசலில் பெயின்ட் டின் வாழைகளைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் இல்லை. சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருவர், "குலை இல்லாத வாழையா?" என்று முகம் சுளித்தார். தங்கைக்குக் கண் கலங்கிவிட்டது. தாய்மாமன் மானம் கப்பலேறியது. நான் நடந்ததைச் சொன்னேன். பந்தி முடிந்து கைகழுவப் போன அந்தப் பெரியவர், சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து இரண்டு டின்னிலும் ஊற்றியதைப் பார்த்தேன். வழக்கமாகக் கல்யாண வாழை மறுநாள் குப்பைக்குப் போகும். இவற்றை நான் வெயிலுக்குப் பயந்து உள்ளே நகர்த்தி வைத்தேன்.

திங்கட்கிழமை காலை மறுபடியும் பாலம், மறுபடியும் நூற்றைம்பது வெள்ளி. பழைய குழியிலேயே கன்றுகளை நட்டு மண் அணைத்துக்கொண்டிருந்தபோது அதிகாரி வந்தார். இளம் மலாய்ப் பெண். வரிசை வரிசையாக நடந்து படம் எடுத்தார். ஈரமண்ணைக் கண்டதும், இது புதிதாக நட்டதா என்று மலாயில் கேட்டார். அக்கா மறைக்கவில்லை. கல்யாணத்துக்குப் போய்விட்டு இப்போதுதான் வீடு திரும்பியிருக்கின்றன என்றார். அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்து, அவற்றையும் படம் எடுத்துக்கொண்டார். பார்த்ததை எழுதுவதுதான் தன் வேலை, முடிவு மேலிடத்தில் என்று சொல்லிவிட்டுப் போனார்.

விடைபெறும்போது அக்கா சொன்னார்: "அடுத்த வருஷம் ரெண்டும் குலை தள்ளிடும். தங்கச்சி மகளுக்கு வளைகாப்புன்னா வந்து வெட்டிக்கோ. நெலம் இருந்தா."

அன்று மாலையே கிள்ளானுக்குத் திரும்பினேன். நான் குடியிருக்கும் தாமான் குடியிருப்பின் நுழைவாயிலில் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். தினமும் அதன் கீழேதான் போய்வருகிறேன். அன்றுதான் நின்று படித்தேன். இங்கேயும் யாரோ ஒருவர், மரங்களை வெட்டி முடித்த மறுவாரம் வந்து பார்த்து, 'தானா கோசோங்' என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்.