புஷ்பவள்ளி வாலை விடவில்லை

பினாங்கின் புக்கிட் தெங்காவில் இருந்த பொம்மைத் தொழிற்சாலை வேறு நாட்டுக்கு இடம் மாறியபோது புஷ்பவள்ளிக்கு நாற்பத்து மூன்று வயது. பத்தொன்பது வருஷம் அங்கே சேம்பிள் ரூமில் வேலை பார்த்தவள். வெளிநாட்டுக் கம்பெனிகள் ஒரு படத்தை அனுப்பும். கரடியோ முயலோ, அந்தப் படத்தைப் பார்த்து அட்டையில் அளவு வெட்டி, துணி வெட்டி, பஞ்சு அடைத்து முதல் பொம்மையை அவள் தைத்துக் கொடுப்பாள். கம்பெனிக்காரர் வந்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பிடித்திருந்தால் அதன் காதில் ஓர் அட்டையைக் கட்டிக் கையெழுத்துப் போடுவார். அதன் பிறகு லைனில் தைக்கிற ஆயிரமாயிரம் பொம்மைகளும் அந்த ஒன்றைப் போலவே இருக்க வேண்டும். மூக்கு ஒரு நூல் தள்ளியிருந்தாலும் மூட்டையோடு திரும்பி வரும்.

வேலை போன பிறகு சுங்கை பினாங் அடுக்குமாடியில், வீட்டு ஹாலிலேயே மெஷினைப் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள். ரவிக்கை, திரைச்சீலை, பள்ளிச் சீருடை. அவள் புருஷன் ஜெயராஜ் துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். "வீட்டுல இருந்தே சம்பாதிக்கிற, நல்லதுதானே" என்பார். நல்லதுதான். ஆனால் ரவிக்கைக்கு முகம் கிடையாது. அதுதான் அவளுக்குக் குறையாக இருந்தது.

ஒருநாள் குகதாசன் வந்தான். சூலியா தெருவில் பழைய கடைவீட்டின் மாடியில் ஒரு சின்ன அனிமேஷன் ஸ்டூடியோ நடத்துகிறவன். மொத்தமே பதினோரு பேர். வடிகாலில் குடியிருக்கும் ஒரு நீர்நாய்க் குடும்பத்தைப் பற்றி ஒரு கார்ட்டூன் எடுத்திருந்தார்கள். அதன் நாயகி துளும்பி, வாய் ஓயாத ஒரு பெண் நீர்நாய்க் குட்டி; எதற்கெடுத்தாலும் பினாங்குப் பேச்சில் "ஐயோலா!" என்பாள். பள்ளி விடுமுறையில் நடக்கும் ஒரு விழாவுக்கு ஐந்து துளும்பி பொம்மைகள் வேண்டும் என்று படத்தை நீட்டினான்.

புஷ்பவள்ளி படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "தம்பி, இது எப்படி நிக்கும்?"

"நிக்குதே அக்கா, ரெண்டு கால்ல."

"காகிதத்துல நிக்கும்லா. துணியில மூஞ்சி குப்புற விழும்."

அவளே வழி கண்டுபிடித்தாள். வாலைப் படத்தில் இருந்ததைப் போல இரண்டு மடங்கு நீளமாக்கி, அடியில் கனத்துக்குப் பிளாஸ்டிக் மணிகளைப் போட்டுத் தைத்தாள். இரண்டு காலோடு வாலும் மூன்றாவது காலாகி, துளும்பி இடுப்பில் கைவைத்துத் திமிராக நின்றாள். குகதாசன் அந்தப் பொம்மையைச் சுற்றிச் சுற்றி வந்தான். மறுவாரம் அவனிடமிருந்து போன்: "அக்கா, உங்க பொம்மையப் பார்த்துப் படத்தையே மாத்திட்டோம். இனிமே துளும்பிக்கு நீள வால்தான். நீங்க எங்களோட வந்துடுங்க."

இப்படித்தான் புஷ்பவள்ளி அனிமேஷன் கம்பெனிக்காரி ஆனாள்.

அந்த வால் கதைக்குள்ளும் புகுந்துகொண்டது. கதை எழுதும் ஸஹ்ரா அதை வைத்தே ஒரு எபிசோட் எழுதினாள். அடைமழையில் வடிகால் பொங்குகிறது. துளும்பி முன்னால் நீந்த, மூன்று தம்பிகளும் அவள் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு ரயில் போல அக்கரை சேருகிறார்கள். அதைப் பார்த்த பிள்ளைகள் பள்ளி மைதானத்தில் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்து ஓடியதாக அம்மாமார்கள் எழுதினார்கள். அதற்குப் பிறகு பொம்மை கேட்காதவர்கள் இல்லை.

இந்த நேரத்தில்தான் பெரிய இடத்திலிருந்து கூப்பிட்டார்கள். சிங்கப்பூரில் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு ஸ்ட்ரீமிங் நிறுவனம். துளும்பியை முப்பது நாடுகளில் காட்டுகிறோம் என்றார்கள். அவர்கள் சார்பில் ஹக்கீம் வந்தார். பினாங்கிலேயே பிறந்து வளர்ந்தவர், தன்மையான மனிதர். ஒப்பந்தத்தை மேசைமேல் வைத்துவிட்டு, தேத்தண்ணீர் குடித்துப் போனார்.

ஒப்பந்தத்தில் இரண்டு பக்கங்கள்தான் தொல்லை. பொம்மை, சட்டை, பள்ளிப்பை என்று துளும்பி பேரில் எது விற்றாலும் அந்த உரிமை அவர்களுக்கு. பாத்திரத்தின் உருவத்தையும் குரலையும் தேவைப்பட்டால் அவர்களே மாற்றலாம். கூடவே ஒரு மாதிரிப் படம் இணைத்திருந்தார்கள். அதில் துளும்பியின் வால் ஒரு சாண்கூட இல்லை.

ஸஹ்ரா காகிதத்தைத் தள்ளிவிட்டாள். "இது துளும்பியே இல்ல. யாரோ."

"முப்பது நாடு, ஸஹ்ரா!" என்றான் குகதாசன். "இங்க டிவியில போட்டா எத்தனை பேரு பார்ப்பாங்க? நாம செஞ்சத உலகமே பார்க்கணும்னுதானே இத்தனை வருஷம் உட்கார்ந்து வரைஞ்சோம்?"

இரண்டு பேரும் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் சண்டை முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பசாரிலிருந்து மீன் வாங்கி வந்து ஆய்ந்துகொண்டே ஜெயராஜிடம் கேட்டாள். "வாலைக் குட்டையாக்குறதுல அவங்களுக்கு என்னங்க லாபம்?"

ஜெயராஜ் யோசிக்கவே இல்லை. "பெட்டி சின்னதாகும். பெட்டி சின்னதானா ஒரு கண்டெய்னர்ல எவ்வளவோ கூட ஏத்தலாம். நான் தினமும் பார்க்கிறதுதானே."

புஷ்பவள்ளிக்குச் சுருக்கென்றது. பெட்டிக்காக வால், வாலுக்காகப் படம், படத்துக்காகக் கதை. தம்பிகள் ரயில் விட்ட அந்த எபிசோடும் போய்விடும். திங்கட்கிழமை மாடிப்படி ஏறியதும் நேராகக் குகதாசனிடம் போனாள்.

"தம்பி, ஒண்ணு சொல்லவா? பத்தொன்பது வருஷம் நான் தச்ச பொம்மை எதுவும் என்னுது இல்ல. அட்டையில எவன் கையெழுத்து போட்டானோ, அவனுதுதான். அவன் காதை அறுக்கச் சொன்னா அறுத்தேன். நீங்க இதுல கையெழுத்து போட்டுட்டா, முப்பது நாடு பார்க்கும், நிஜம்தான். ஆனா பார்க்கிறது நம்ம துளும்பியா இல்லையான்னு அவங்கதான் சொல்லுவாங்க."

"வேணாம்னு சொல்லிடலாமா அக்கா?"

"வேணாம்னு ஏன் சொல்லணும்? படத்தை எடுத்துக்கங்க, போட்டுக் காட்டுங்க. உருவத்துல கை வைக்காதீங்க, பொம்மையை எங்ககிட்டயே விடுங்கன்னு சொல்லுங்க."

குகதாசன் அப்படியே எழுதி அனுப்பினான். மேலிடம் ஒத்துக்கொள்வது கஷ்டம் என்று ஹக்கீம் வருத்தத்தோடு பதில் போட்டார். அதன் பிறகு அவரிடமிருந்து பேச்சே இல்லை.

ஏழு வாரம் போயிற்று. பணம் வரும் வழி தெரியாமல், நல்ல கை உள்ள இரண்டு ஓவியர்கள் கோலாலம்பூருக்கு வேலை தேடிப் போய்விட்டார்கள். அவர்கள் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் தான் வாயைத் திறந்திருக்கக் கூடாதோ என்று புஷ்பவள்ளி நினைத்தாள். ஒருமுறை கேட்டும்விட்டாள்.

"என் பேச்சைக் கேட்டு கெட்டுப்போனீங்களா தம்பி?"

"நீங்க சொன்னது எனக்கும் தெரிஞ்சதுதான் அக்கா. சொல்றதுக்குத்தான் தைரியம் இல்ல" என்றான் குகதாசன்.

சும்மா இருக்க முடியாமல் முதல் தொடரைத் தமிழிலும் மலாயிலும் இணையத்தில் இலவசமாகப் போட்டார்கள். சனி, ஞாயிறுகளில் எஸ்பிளனேட் திடலில் ஒரு கூடாரம் அடித்து, பெரிய திரையில் மழை எபிசோடை ஓட்டினார்கள். பக்கத்தில் மேசை நிறையத் துளும்பிகள். முதல் வாரம் நாற்பது பேர். மூன்றாம் வாரம் உட்கார இடம் இல்லை. ஐந்தாம் வாரம் ஈப்போவிலிருந்தும் சுங்கை பட்டாணியிலிருந்தும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு காரில் வந்தார்கள். திரையில் தம்பிகள் வாலைப் பிடித்ததும் திடலே சத்தம் போட்டது. சீனப் பிள்ளை, மலாய்ப் பிள்ளை, நம் பிள்ளை என்று எல்லோரும் ஒரே குரலில் "துளும்பி!" என்று கத்தியபோது புஷ்பவள்ளி கூடாரத்துக்குப் பின்னால் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கூடாரம் போட்ட எட்டாம் வாரம் ஹக்கீம் திரும்பி வந்தார். இந்தத் தடவை தனியாக இல்லை. நிறுவனத்தின் சிங்கப்பூர் மேலாளர் சுதர்ஷினியும் கூட வந்திருந்தார். கச்சிதமாகப் பேசுகிற பெண். இணையத்தில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு அவர் கையில் இருந்தது.

"படத்துல நாங்க கை வைக்கல" என்றார் சுதர்ஷினி. "அதை விட்டுக்கொடுக்கிறோம். பொம்மை மட்டும் எங்ககிட்ட இருக்கட்டும். வால் கொஞ்சம் சின்னதா இருந்தா பிள்ளைங்களுக்கு என்ன தெரியப்போகுது?"

புஷ்பவள்ளி எழுந்து அலமாரியைத் திறந்து இரண்டு பொம்மைகளை எடுத்து வந்தாள். ஒன்று நீள வால். இன்னொன்று நிறுவனம் அனுப்பிய மாதிரிப் படத்தின்படி அவள் தைத்தது. நூல் பிசகாமல், வஞ்சனை இல்லாமல், தொழிற்சாலையில் தைத்த அதே சிரத்தையோடு தைத்திருந்தாள்.

"இது உங்க அளவு மேடம். டேப் இருக்கு, அளந்து பாருங்க."

இரண்டையும் மேசைமேல் நிறுத்தினாள். குட்டை வால் துளும்பி ஒரு நொடி நின்றது. பிறகு மெல்லத் தலையைக் கவிழ்த்து, ஹக்கீமின் தேத்தண்ணீர்க் கோப்பைக்குள் மூக்கை விட்டது.

ஸஹ்ராவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சுதர்ஷினி அதைத் தூக்கி மறுபடி நிறுத்திப் பார்த்தார். விழுந்தது. காலை அகட்டி வைத்துப் பார்த்தார். விழுந்தது. நீள வால்காரி பக்கத்தில் இடுப்பில் கைவைத்தபடி வேடிக்கை பார்த்தாள்.

"நிக்காதா?"

"நிக்காது மேடம். கீழ ஒரு கட்டை வெச்சு ஒட்டலாம். அப்புறம் பிள்ளைங்க அதைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டுத் தூங்க முடியாது."

சுதர்ஷினி நீள வால் பொம்மையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பேச்சு முடியும்வரை அதைக் கீழே வைக்கவில்லை.

அன்று மாலைக்குள் முடிவாயிற்று. மூன்று வருஷம் துளும்பி அவர்கள் தளத்தில் ஓடும். புதிய தொடர் வந்தால் முதல் ஒரு வருஷம் அவர்களிடம் மட்டும்தான். இலவசமாகப் போட்டதை இணையத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். இது ஸஹ்ராவுக்குக் கசந்தது, ஆனாலும் விட்டுக்கொடுத்தாள். தமிழ், மலாய்க் குரல்களை யாரும் மாற்றக் கூடாது. உருவமும் பொம்மையும் ஸ்டூடியோவுக்கே.

"எந்தப் பொம்மை வெளிய போனாலும் உங்க பக்கம் ஒருத்தர் மாதிரியைப் பார்த்து ஒப்புதல் தரணும். யார் பேரைப் போடுறது?" என்று ஹக்கீம் பேனாவைத் திறந்தார்.

குகதாசன் யோசிக்காமல் புஷ்பவள்ளியைக் கைகாட்டினான்.

நீள வால் துளும்பியின் காதில் அட்டையைக் கட்டி, அவள் கையெழுத்துப் போட்டாள். எழுத்து நேராகவே விழுந்தது.

கோலாலம்பூர் போன ஓவியர்களில் ஒருவன் திரும்பி வந்தான். சுங்கை பினாங்கில் ஒரு கடையை வாடகைக்கு எடுத்து ஆறு மெஷின் போட்டார்கள். பழைய தொழிற்சாலைத் தோழிகள் நாலு பேரைப் புஷ்பவள்ளியே போய் அழைத்து வந்தாள்.

நிறுவனத்தின் தளத்தில் துளும்பி வெளியான அன்று பிற்பகல் எல்லோரும் ஸ்டூடியோவில் கூடினார்கள். ஜெயராஜ் லீவு போட்டுவிட்டு, இரண்டு பெட்டி கறிபப் பலகாரத்தோடு வந்தார். தமிழில் பார்த்து முடித்ததும் ஸஹ்ரா விளையாட்டாக மொழியை மாற்றினாள். துளும்பி போர்த்துகீசியத்தில் படபடவென்று பொரிந்தாள். ஒருவருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை. திடீரென்று வடிகாலில் வழுக்கி விழுந்தவள் தெளிவாக, சத்தமாகச் சொன்னாள்:

"ஐயோலா!"

குரல் கொடுத்த எந்த ஊர்ப் பெண்ணோ, மொழிபெயர்க்க வழி தெரியாமலோ, ஆசைப்பட்டோ, அதை மட்டும் அப்படியே பேசியிருந்தாள். மாடியே அதிர்ந்தது. ஜெயராஜ் வாயிலிருந்த கறிபப்பைத் துப்பிவிட்டுச் சிரித்தார்.

"மறுபடி போடு ஸஹ்ரா, மறுபடி போடு" என்று புஷ்பவள்ளி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.