உமாதேவியின் விதைப்புக் கருவி

பரமசிவனுக்கு இன்ஜினியரிங் காலேஜ் பிள்ளைகள் மேல் பல வருஷத்து எரிச்சல். பங்குனி பிறந்தால் கோவில்பட்டியில் அவர் பட்டறைக்கு வந்து, "ப்ராஜெக்ட் செஞ்சு குடுங்க அண்ணாச்சி" என்பார்கள். அவர் செய்ததில் தங்கள் பெயரை ஒட்டிக்கொண்டு பட்டம் வாங்குவார்கள். அது எப்படி ஓடுகிறதென்று ஒருத்தனுக்கும் தெரியாது.

2003-இல் கடைசி வருஷம் படித்த உமாதேவி கழுகுமலையிலிருந்து வந்தாள். வீட்டில் ஆடு வளர்ப்பவர்கள்.

"எனக்கு இடமும் வெல்டிங் மிஷினும் போதும். உளுந்து விதைக்க ஒரு கருவி நானே செய்யுதேன்."

"கை வெந்தா எங்கிட்ட வந்து அழப்பிடாது."

அவள் அழவில்லை. வாசல் மணலில் ஓடிய கருவி, ஈரக் கரிசலில் இறக்கியதும் மண் அப்பி நின்றது. மூன்று தடவை பிரித்தாள். சக்கரத்து மண்ணை வழித்துவிட ஒரு தகடு வைத்ததும் ஓடியது. பரமசிவன் பட்டறைக்கு வந்தவர்களையெல்லாம் கூட்டிப்போய் அதைக் காட்டினார்.

ப்ராஜெக்ட் தேர்வுக்கு முந்தின நாள் அவள் சாப்பிடப் போயிருந்தபோது, கைப்பிடியில் கோணலாயிருந்த வெல்டிங்கை உரசி எடுத்துவிட்டு அவரே புதிதாக அழகாக வைத்தார். வந்ததும் கண்டுகொண்டாள்.

"ஏம்மா, நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் வச்சதில்லயே. அறுத்துருங்க அண்ணாச்சி, நான் திரும்ப வைக்கேன்."